படுகளத் துரியோதனன்: அழிவதற்காகச் செய்யப்படும் மண் சிற்பம்

படுகளத் துரியோதனன் என்பது விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களிலும் வட தமிழகத்தின் பிற பகுதிகளிலும் திரௌபதி அம்மன் விழாவின் இறுதிக்கட்டத்தில் மண்ணால் அமைக்கப்படும் மாபெரும் உருவம். மல்லாந்து படுத்த நிலையில் தரையோடு தரையாகச் செய்யப்படும் இவ்வுருவம் ஒரு நாளுக்கு மேல் முழுமையாக இருப்பதில்லை. பாரதக் கூத்தின் பதினெட்டாம் போர் நிகழ்வில் பீமன் வேடதாரி இதன் தொடையைப் பிளக்கிறார். அதன் பின் சிற்பம் மீண்டும் மண்ணாகிவிடுகிறது.

சடங்கு என்ற வகையில் படுகளம் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சிற்பம் என்ற வகையில் அது பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை. இக்கட்டுரை படுகளத் துரியோதனனை ஒரு சிற்ப வடிவமாகக் கொண்டு அதன் அழகியல் இயல்புகளையும், அதைப் பற்றிய பார்வைகளின் போதாமைகளையும், அவ்வடிவம் இன்று எதிர்கொள்ளும் கேள்விகளையும் மதிப்பிடுகிறது.

விழாவும் இடமும்

திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாக மரபில் கருதப்படுவது செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் இவ்வூரை மையமாகக் கொண்டு இவ்வழிபாடு பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் பரவியது. வன்னியர்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தாலும் பல சமூகத்தினர் இவ்விழாவில் பங்கு பெறுகின்றனர். புலம்பெயர்ந்த தமிழர்கள் வழியாக இது சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன், பிஜி ஆகிய இடங்களுக்கும் சென்றது. அங்கெல்லாம் பெரிதும் நிலைத்தது தீமிதி. பதினெட்டு நாள் கூத்தும் படுகளமும் இணைந்த முழு வடிவத்தை இன்றும் வட தமிழகத்தில்தான் காண முடியும்.

விழா பொதுவாகப் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில், அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் காலத்தில் நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இடையிடையே ஊரே நடிகராகும் சடங்குகள் என மூன்று இழைகளால் ஆனது இது. பிரசங்கத்துக்கு அடிப்படை வில்லிபாரதம். அதை இயற்றிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டின் சனியூரில் பிறந்தவர், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாடியவர். படுகளம் செழித்த நிலமும் அக்காவியம் எழுந்த நிலமும் ஒன்றே. வில்லிபாரதம் பத்துப் பருவங்களோடு நின்றுவிடுகிறது. வடமொழிப் பாரதத்தில் அதன் பின் வரும் சாந்தியும் அறவுரைகளும் அதில் இல்லை. திரௌபதி அம்மன் விழாவின் கதைப்போக்கும் துரியோதனனின் வீழ்ச்சியையே தன் உச்சமாகக் கொண்டிருப்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

வில்வளைப்பு, பகாசுரன் வதை, துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு வதை, கர்ண மோட்சம் என்று இரவுக்கூத்துகள் நகர்ந்து பதினெட்டாம் போரில் முடிகின்றன. அதுவரை கூத்து இரவில், விளக்கொளியில், ஆடுகளத்துக்குள் நிகழ்வது. பதினெட்டாம் போர் விடிந்த பின் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. அந்த வெட்டவெளியில் கிடப்பதுதான் மண் துரியோதனன்.

உருவம் அமையும் விதம்

கோயிலுக்கு அருகிலுள்ள திடலோ அறுவடையான வயலோ படுகளமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மண் கொட்டிக் குவிக்கப்பட்டு, நீர் தெளித்து மிதித்துப் பதப்படுத்தப்பட்டு, தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று பிரிக்கப்படுகிறது. மேற்பரப்பு குழைத்த மண்ணால் மெழுகப்பட்டு வண்ணம் பூசப்படுகிறது. கிரீடம், முறுக்கிய மீசை, விழித்த கண்கள், அணிகலன்கள், கையில் ஆயுதம் ஆகியவை அநேகமாக எல்லா ஊர் உருவங்களிலும் காணப்படும் கூறுகள். நீளம் ஊருக்கு ஊர் வேறுபடும். 30 அடியில் தொடங்கி 60 அடியைத் தாண்டியும் உருவங்கள் செய்யப்படுகின்றன.

தொடைப்பகுதியில் செந்நீர் நிரம்பிய கலம் ஒன்று மறைத்து வைக்கப்படும். பீமனின் அடி விழ வேண்டிய இடம் அது. வெளியிலிருந்து பார்க்கும்போது தொடை மற்ற உறுப்புகளைப் போலவே தோன்றும்.

வேலைக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. மிக முன்னதாகச் செய்தால் கோடை வெயிலில் மண் வெடித்துவிடும், தாமதித்தால் கூத்து வந்து சேர்ந்துவிடும். செய்பவர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுவர். அவர்கள் பெயர் உருவத்திலோ விழா அழைப்பிதழிலோ இடம்பெறுவது வழக்கமில்லை.

படுகள நிகழ்வு

இரவு முழுவதும் ஆடிய கூத்தர்கள் துரியோதனனாகவும் பீமனாகவும் படுகளத்துக்கு வருகின்றனர். மண் உருவத்தைச் சுற்றியும் அதன் மேலும் ஓடிப் போர் புரிகின்றனர். கண்ணன் தொடையைக் காட்ட, பீமன் மண் தொடையை அடித்துப் பிளக்கிறான். செந்நீர் வெளிப்படுகிறது. அம்மன் உருவம் களத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. துகிலுரியப்பட்ட நாள் முதல் விரித்திருந்த கூந்தல் அந்தக் குருதி தொட்டு முடிக்கப்படுகிறது. துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் புலம்பலும் கூத்து மரபில் இடம்பெறுவதுண்டு. பல ஊர்களில் மக்கள் உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் செல்கின்றனர். அது வீட்டுக்கும் தானியத்துக்கும் காப்பு என்பது நம்பிக்கை. மாலையில் தீமிதி நடைபெறும்.

ஆய்வாளர் பார்வைகள்

படுகளம் பற்றிய மிக விரிவான ஆய்வு அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் எழுதியது. திரௌபதி வழிபாடு குறித்த அவருடைய நூலின் முதல் தொகுதி 1988-லும் இரண்டாம் தொகுதி 1991-லும் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. செஞ்சி வட்டாரமே அவருடைய களம். படுகளத்தை அவர் வேள்விக்களமாகவும், குருக்ஷேத்திரம் ஊர் எல்லைக்குள் மீண்டும் உருவாகும் இடமாகவும் விளக்கினார். வழிபாட்டையும் கூத்தையும் காவியத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக்காட்டியது அவருடைய பெரும் பங்களிப்பு. ஆனால் இவ்வகை வாசிப்பில் மண் உருவம் ஒரு குறியீடாக மட்டுமே எஞ்சுகிறது. அது எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு அங்கே பல விடைகள் உண்டு. ஓர் ஊரின் உருவம் நன்றாக அமைந்ததா, இன்னொன்று ஏன் அமையவில்லை என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

கூத்து ஆய்வாளர்களின் கவனம் இயல்பாகவே நடிகரை நோக்கியது. ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் தெருக்கூத்து நூல் 1990-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நவீன நாடக உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ந. முத்துசாமி. 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் அந்தக் கவனமே. இவர்களின் எழுத்தால் கூத்து ஒரு நாடகக்கலை என்ற மதிப்பைப் பெற்றது. அதே படுகளத்தில் கிடக்கும் மண் உருவத்துக்கு அத்தகைய ஒரு பரிந்துரையாளர் கிடைக்கவில்லை. அது கூத்தின் அரங்கப்பொருளாக மட்டும் பார்க்கப்பட்டது.

நாளிதழ்ச் செய்திகள் உருவத்தைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால் அவை பெரும்பாலும் நீளத்தை மட்டுமே சொல்கின்றன. இதன் விளைவாக ஊர்களுக்கிடையே நீளம் ஒரு போட்டிப்பொருளாகிறது. பக்கத்து ஊரைவிடச் சில அடிகள் கூடுதல் என்பதே பெருமையாகிறது. சிற்பத்தின் வேறெந்தக் குணமும் ஒப்பிடப்படுவதில்லை.

தமிழகக் கலை வரலாறு கல்லையும் செம்பையும் மரத்தையும் சுதையையும் பேசியிருக்கிறது. சுடாத மண்ணைப் பேசியதில்லை. இவ்விடைவெளியைப் புரிந்துகொள்ள உதவும் ஆய்வு மதுரை வட்டாரத்தில் மண் உருவங்கள் செய்யும் வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதியது. 1988-ல் வெளியான அக்கட்டுரை, நிலைக்கும் பொருளைச் செய்யும் கம்மாளர் மரபையும், செய்து உடைத்து மீண்டும் செய்யும் குயவர் மரபையும் வேறுபடுத்திக் காட்டியது. இரண்டாவது மரபில் அழிவு செய்முறையின் ஒரு பகுதி. இந்த வேறுபாட்டைப் படுகளத்துக்கும் நீட்டிக்க முடியும்.

சிற்பமாகப் பார்க்கையில்

படுகளத் துரியோதனனின் முதல் தனித்தன்மை அதன் பார்வைக்கோணம். நிற்கும் சிலையைக் கீழிருந்து மேலாகவோ நேராகவோ பார்க்கலாம். கோயில் சுவரிலுள்ள புடைப்புச் சிற்பத்துக்கு எதிரே நின்றால் போதும். படுகள உருவத்தை முழுமையாகக் காண வேண்டுமானால் மேலிருந்துதான் காண வேண்டும். தரையில் நிற்கும் கூட்டத்துக்கு அது எப்போதும் பகுதிகளாகவே கிடைக்கும். தலைமாட்டில் நிற்பவருக்குக் கிரீடமும் நெற்றியும், கால்மாட்டில் நிற்பவருக்குப் பாதமும் தொடைகளின் மேடும் தெரியும். இதனால் உருவத்தை நடந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. போருக்கு முன் ஊரார் அதைச் சுற்றி நடக்கும் நடை சிற்பத்தைப் பார்க்கும் முறையாகவும் அமைகிறது. தேர்ந்த உருவங்களில் முகம் மார்பைவிட உயர்த்தப்பட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு மீசையும் மூக்கும் கோட்டுருவமாகத் தெரியும். இந்தக் கணக்கைத் தவறவிட்டுத் தரையோடு தட்டையாக வரையப்பட்ட முகம், எத்தனை அடி நீளமானாலும், வானத்துக்கு மட்டுமே தெரியும். ட்ரோன் படங்கள் வந்த பிறகு மேலிருந்து தெரியும் அழகு முதன்மை பெற்றுவருகிறது. அது களத்தில் நிற்பவரின் பார்வை அல்ல.

இரண்டாவது, கண்கள். வீழ்ந்தவன் என்றாலும் உருவத்தின் கண்கள் திறந்திருக்கின்றன, கையில் ஆயுதம் இருக்கிறது. பிணத்தின் கிடப்பும் வீரனின் விழிப்பும் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. இன்னும் நிகழாத சாவை முன்கூட்டியே கிடத்திவைத்த உருவம் இது. கதையில் துரியோதனன் அப்போது நீருக்குள் ஒளிந்திருக்கிறான். களத்தில் அவன் ஏற்கெனவே வீழ்ந்து கிடக்கிறான். பார்வையாளர் முடிவைக் கண்முன் வைத்துக்கொண்டே போரைப் பார்க்கிறார். பாரதக் கதையை ஆண்டுதோறும் கேட்பவர்களின் மனநிலையும் அதுதான்.

மூன்றாவது, இரு துரியோதனர்கள். வேடமிட்ட கூத்தர் ஒருவர் துரியோதனனாகவே அந்த மண் துரியோதனனின் மார்பின் மேல் ஓடுகிறார். தன் உடலையே தான் மிதிக்கிறார். கட்டைகள் பூட்டிய கூத்துத் துரியோதனன் மனிதரில் பெரியவனாகத் தோன்றுவான். மண் மார்பின் மேல் ஏறியதும் அவன் சிறுத்துவிடுகிறான். ஒருவனின் அகந்தையின் அளவும் அவன் உடலின் அளவும் அடுத்தடுத்து வைக்கப்படும் காட்சி இது. வசனம் எதுவும் இல்லாமல் அளவு வேறுபாட்டால் மட்டுமே நிகழ்கிறது.

நான்காவது, மண். ஊசிமுனை நிலமும் தர மாட்டேன் என்று மறுத்தவன் துரியோதனன். அந்த மறுப்பிலிருந்தே போர் தொடங்குகிறது. படுகளத்தில் அவன் உடல் முழுவதும் நிலமாகவே ஆக்கப்படுகிறது. பிறகு அது பிடிப்பிடியாகப் பங்கிடப்படுகிறது. இதை ஊரார் இவ்வாறு விளக்குவதாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர்களுக்கு அது காப்பு மண். ஆனால் செய்பொருளும் கதையும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் சிற்பம் தமிழகத்தில் வேறொன்று இருப்பது அரிது. இதே உருவத்தைக் கல்லிலோ சிமெண்டிலோ செய்தால் தோற்றம் கிடைக்கும், இந்தப் பொருத்தம் கிடைக்காது.

ஐந்தாவது, தொடை. பெரும்பாலான சிற்பங்களில் முகமே மையம். படுகள உருவத்தில் கண் முகத்துக்குப் போனாலும் அமைப்பு தொடையை நோக்கியே நிற்கிறது. அந்த இடம் பார்வைக்கு மற்ற இடங்களைப் போல இருக்க வேண்டும், ஆனால் ஓர் அடியில் திறக்க வேண்டும். மண் அதிகம் பூசினால் கலம் உடையாது, குறைவாகப் பூசினால் அதற்கு முன்பே இற்றுவிடும். செய்தவரின் கைத்திறன் சோதிக்கப்படுவது முகத்தைவிட இங்கேதான். அடித்தும் குருதி வராத தொடை அன்றைய நிகழ்வையே தளரச் செய்துவிடும்.

பனிச்சிற்பமும் மணற்சிற்பமும்

அழியும் பொருளில் பெருஞ்சிற்பம் செய்யும் வழக்கம் உலகின் குளிர்நாடுகளில் போட்டித் திருவிழாவாக வளர்ந்துள்ளது. ஜப்பானின் சப்போரோ பனித்திருவிழா 1950-ல் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஓடோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்ததில் தொடங்கியது. 1955 முதல் ஜப்பானியத் தற்காப்புப் படையினர் பெரிய சிலைகளை அமைக்கத் தொடங்கினர். 1974-ல் பன்னாட்டுப் போட்டி சேர்ந்தது. அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜில் நடக்கும் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே அளவிலான இறுகிய பனிக்கட்டம் தரப்படுகிறது. மின்கருவி, உள்தாங்கி, சாயம் எதற்கும் அனுமதி இல்லை. கைக்கருவிகளால் மட்டுமே செதுக்க வேண்டும்.

இந்த விதிகள் கவனிக்கத்தக்கவை. எல்லாருக்கும் ஒரே அளவு பொருள் தரப்படுவதால் அளவு போட்டியிலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறது. மதிப்பிட எஞ்சுவது வடிவமும் நுட்பமும் கருத்தும். படுகளத்தைச் சுற்றி எழும் நீளப்போட்டியோடு ஒப்பிட்டால் இதன் பயன் விளங்கும். பனிச்சிற்பிகளின் அணிப்பெயர்களும் நாடுகளும் பதிவாகின்றன. சிலை உருகிய பின்னும் செய்தவர் பெயர் நிற்கிறது. ஒடிசாவின் பூரி கடற்கரை மணற்சிற்பக்கலை சுதர்சன் பட்நாயக்கின் பெயரோடு உலக அரங்குகளுக்குச் சென்றது. அவர் 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1494 ஜனவரியில் ஃபுளோரன்ஸில் பெரும்பனி பெய்தபோது பியரோ டி மெடிசியின் வேண்டுகோளுக்கிணங்க மைக்கலாஞ்சலோ ஒரு பனிச்சிலை செய்ததை வசாரி எழுதிவைத்தார். உருகிப்போன அச்சிலை ஐந்து நூற்றாண்டுகளாகக் கலை வரலாற்றில் இருக்கிறது. அழியும் பொருளில் செய்ததால் ஒரு சிற்பம் வரலாற்றில் இடம்பெற முடியாது என்ற வாதம் இதனால் நிற்காது. பதிவு செய்பவர் உண்டா என்பதே வேறுபாடு.

ஆனால் ஒப்புமை ஓர் எல்லை வரைதான். பனிச்சிற்பம் கட்டத்திலிருந்து கழித்துச் செதுக்கப்படுவது, படுகள உருவம் மண்ணைச் சேர்த்துக் கட்டப்படுவது. பனிச்சிற்பத்தை அழிப்பது வெயில். அந்த அழிவுக்குப் பொருள் ஏதும் இல்லை, போட்டி முடிவு அறிவிக்கப்பட்ட பின் அது நிகழ்கிறது. படுகளத்தில் அழிவே நிகழ்வின் உச்சம். அழிக்கப்படாத படுகளத் துரியோதனன் முற்றுப்பெறாத படைப்பு.

இவ்வட்டாரத்தில் இத்தகைய உருவங்கள் தனித்து நிற்பவை அல்ல. மேல்மலையனூர் அங்காளம்மன் மரபில் மாசி மாத மயானக் கொள்ளையின்போது சுடுகாட்டில் மண்ணாலும் சாம்பலாலும் உருவம் அமைத்துக் கலைக்கும் வழக்கம் உண்டு. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கூவாகத்தில் சித்திரை முழுநிலவில் கூத்தாண்டவருக்கு வைக்கோலாலும் மாலைகளாலும் உடல் கட்டப்படுகிறது. மறுநாள் அழுகளத்தில் அது களையப்படுகிறது. தலை மட்டும் மரத்தாலானது, அது ஆண்டுதோறும் காக்கப்படுகிறது. கட்டிக் கலைக்கும் சிற்ப மரபு ஒன்று இந்நிலப்பகுதியில் தொடர்ச்சியாக இருந்திருப்பதை இவை காட்டுகின்றன.

மண்டகப்பட்டும் படுகளமும்

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. தமிழகக் கோயிற்கலை வரலாற்றை எழுதுபவர்கள் இங்கிருந்தே தொடங்குவர். அழியும் பொருளிலிருந்து அழியாப் பொருளுக்கு மாறியதே அவ்வரலாற்றின் முதல் சாதனையாகச் சொல்லப்படுகிறது. மேலச்சேரியிலும் பல்லவர் காலக் குடைவரை ஒன்று உண்டு. படுகள மரபின் மூல ஊரே கல்லின் மரபையும் கொண்டிருக்கிறது.

இவ்விரண்டையும் வளர்ச்சியின் இரு படிகளாகக் காணும் வழக்கம் சரியல்ல. கல் வந்த பிறகு மண் மறைந்துவிடவில்லை. அரசன் தன் பெயரை நிலைநிறுத்தக் கல்லைத் தேர்ந்தான். அரசன் ஒருவனின் வீழ்ச்சியைக் கொண்டாட ஊர் மண்ணைத் தேர்ந்தது. இரண்டும் தத்தம் நோக்கத்துக்குப் பொருந்திய தேர்வுகள். ஒன்றை உயர்கலை என்றும் மற்றதை அறியாமையின் எச்சம் என்றும் பிரிப்பது பொருளின் ஆயுளைக் கொண்டு கலையை அளப்பதாகும்.

குறைகள்

படுகள உருவங்கள் எல்லாம் சமமான தரம் கொண்டவை அல்ல. விமர்சனம் இல்லாத பாராட்டு இவ்வடிவத்துக்கு நன்மை செய்யாது.

முதன்மையான குறை துரியோதனனை அரக்கனாக்கிவிடுவது. கூத்தில் துரியோதனன் மாமன்னன். பெரிய கிரீடமும் புஜக்கட்டைகளும் பூண்டு திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் அவனுடைய வருகை கூத்தின் கம்பீரமான கட்டங்களுள் ஒன்று. கர்ண மோட்சத்தில் அவன் நண்பனுக்காகக் கலங்குபவனும்கூட. கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாகச் செய்யப்படும் மண் முகத்தில் இவை எதுவும் இல்லை. அரக்கன் வீழ்ந்தால் நிம்மதி மட்டுமே ஏற்படும். மன்னன் வீழ்ந்தால்தான் பெருந்திருவாளின் புலம்பலுக்கு இடமிருக்கும். மண் முகத்தில் மாட்சி இல்லாதபோது களத்தின் துயரம் வெறும் வெற்றிக் கூச்சலாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது குறை முன்பு குறிப்பிட்ட நீள மோகம். நீளம் கூடும்போது உயரமும் கூடினால்தான் உடல் உடலாகத் தோன்றும். உயரம் கூட்டுவதற்கு மண்ணும் ஆளும் நேரமும் பன்மடங்கு தேவை. அவை கிடைக்காதபோது நீண்ட, தட்டையான உருவமே மிஞ்சுகிறது. அதன் மேல் கூத்தர் ஏறும்போது மேட்டில் ஏறும் உணர்வு எழுவதில்லை. 30 அடியில் திரண்ட மார்போடு கிடக்கும் உருவம் இரு மடங்கு நீளமான தட்டை உருவத்தைவிட வலிமையானது.

மூன்றாவது, நிலைப்படுத்தும் ஆசை. ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகளின் இடத்தை சிமெண்ட் குதிரைகள் பிடித்ததை இங்கே நினைவுகூரலாம். செலவு மிச்சம், பராமரிப்பு எளிது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவை பொய்யல்ல. ஆனால் ஆண்டுதோறும் புதிய குதிரை செய்து நேர்ந்துவிடும் வழக்கம் அதனால் தளர்ந்தது, அதோடு செய்யும் கைகளும் குறைந்தன. அதே ஏற்பாடு படுகளத்துக்கு வந்தால் இழப்பு இன்னும் பெரிது. சிமெண்ட் தொடையைப் பிளக்க முடியாது. பிளப்பதுபோல் பாவனை செய்யலாம். அப்போது எடுத்துச் செல்ல மண்ணும் இருக்காது.

யாருடைய களம்

படுகளத்தைப் பற்றி எழுதுபவர்கள் ஊரே கூடிச் செய்யும் கலை என்று அதைப் போற்றுவது வழக்கம். அந்த ஊர் என்ற சொல் எவரையெல்லாம் உள்ளடக்குகிறது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்தின் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சமூகத்தினர் நுழைவதற்கு எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் கோயிலை மூடி முத்திரையிட்டனர். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் அன்றாடப் பூசைக்காக மட்டும் அது திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் காவல்துறைப் பாதுகாப்புடன் பட்டியல் சமூகத்தினரும் உள்ளே சென்று வழிபட முடிந்தது.

அவையில் அவமதிக்கப்பட்ட ஒருத்தியைத் தெய்வமாக வைத்து வழிபடும் மரபு இது. உரிய பங்கைத் தர மறுத்தவனின் உடலை நிலமாக்கிப் பங்கிடுவதே அதன் உச்சக்காட்சி. அந்த மண்ணில் ஒரு பிடி எடுக்கும் உரிமை ஊரில் எல்லாருக்கும் இல்லை என்றால் சிற்பம் சொல்வதை ஊர் கேட்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அழகியல் மதிப்பீட்டுக்கு வெளியே வைக்க வேண்டிய சமூகச் செய்தி அல்ல இது. பங்கிடப்படுவதால் நிறைவுறும் ஒரு படைப்பில் பங்கிடுவது தடைபட்டால் படைப்பும் குறைபடுகிறது.

மதிப்பீடு

படுகளத் துரியோதனன் தமிழ்நிலத்தின் அழியும் சிற்ப மரபில் மிகுந்த செறிவு கொண்ட வடிவம். செய்பொருள், அளவு, கிடப்பு, அழிவு ஆகிய நான்கும் கதையின் உள்ளிருந்தே எழுகின்றன. எதுவும் மேலே ஒட்டிய அலங்காரம் அல்ல. நடிகரின் உடலையும் பார்வையாளரின் நடையையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் சிற்பம் என்ற வகையில் நவீனக் கலை மிகத் தாமதமாகக் கண்டடைந்த சில சாத்தியங்களை அது நெடுங்காலமாகவே கையாண்டுவருகிறது.

அதைக் காப்பது என்பதற்கு உருவத்தைக் காப்பது என்று பொருளில்லை. செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, அளவு, மண் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தனர் என்ற எளிய குறிப்புகளும், தரையில் நிற்பவரின் பார்வையில் எடுக்கப்பட்ட படங்களுமே அதற்குப் போதும். சப்போரோவில் உருகும் சிலைக்குச் செய்யப்படும் பதிவு செஞ்சியில் உடையும் சிலைக்கும் செய்யப்படலாம். அத்தகைய பதிவுகள் பத்து ஆண்டுகளுக்குச் சேர்ந்தால் ஊர்களுக்கிடையிலான ஒப்பீடு நீளத்தைத் தாண்டி முகம், உயரம், தொடையின் வேலைப்பாடு ஆகியவற்றுக்கு நகரும். அடுத்த ஆண்டு உருவத்தைச் செய்பவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.

உருவம் எப்படியும் அன்று மாலைக்குள் மண்ணாகிவிடும். அடுத்த மழையில் அந்த இடம் மீண்டும் வயல்தான்.